கோயில் நோட்டு

2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது கடல்தான் கரைக்கு வந்தது. குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மேலமணக்குடியிலும் செத்தவர்கள் கண்முன்னே கிடந்தார்கள். குழி வெட்டி அடக்கினார்கள். யார் போனார், யார் மிஞ்சினார் என்பது சில நாட்களில் பெரும்பாலும் தெரிந்துவிட்டது. 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் வந்தபோது நடந்தது வேறு. காலையிலிருந்தே காற்று. ஓடு பறந்தது, தென்னை முறிந்தது, மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. உள்நாட்டுப் பக்கம் வாழையும் ரப்பரும் தோட்டம் தோட்டமாக விழுந்ததைப் பிறகு கேள்விப்பட்டோம். எங்கள் ஊருக்குள் ஒரு உயிர்கூடப் போகவில்லை. காற்று கொஞ்சம் தணிந்ததும் பெண்கள் முற்றத்தில் ஓட்டுத்துண்டு பொறுக்கிக்கொண்டே "மாதா காப்பாத்திட்டா" என்று சொல்லிக்கொண்டார்கள். ஆண்கள் பாதிப் பேர் ஊரில் இல்லை என்பது அதற்கப்புறம்தான் ஒவ்வொருத்தியின் முகத்திலும் ஏறியது.

அன்று புனித அந்திரேயா திருநாள். அவரும் மீன்பிடித்தவர்தான்.

எங்கள் வட்டாரத்தை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குமரி மாவட்டத்தின் மேற்கு மூலையில், கேரள எல்லையை ஒட்டி, இரயுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி என்று எட்டு ஊர்கள் தோளோடு தோள் உரசிக்கொண்டு கிடக்கின்றன. ஒரு ஊர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பது சிலுவை நட்ட குருசடிகளைப் பார்த்துத்தான் தெரியும். அவற்றில் ஒன்று என் ஊர். எங்கள் ஆட்கள் ஆழ்கடல்காரர்கள். சுறாவுக்குத் தூண்டில் போடுவதில் இந்தியாவிலேயே பேர் வாங்கியவர்கள். காலையில் போய் மாலையில் திரும்பும் தொழில் இல்லை இது. ஐஸும் டீசலும் அரிசியும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டால் வாரக்கணக்கில் கடலிலேயே கிடப்பார்கள். லட்சத்தீவைத் தாண்டிப் போவார்கள், குஜராத் வரைக்கும் போவார்கள். கொச்சியிலிருந்தும் முனம்பத்திலிருந்தும் புறப்படுகிற போட்டுகளே அதிகம். அவற்றில் பல, பதிவு எண்ணின்படி கேரளப் போட்டுகள். ஏறுகிறவர்கள் எங்கள் பிள்ளைகள்.

போட்டில் இருந்த வயர்லெஸ் கரையிலிருந்து சில பத்துக் கடல்மைல்களுக்கு மேல் எட்டாது. அதைத் தாண்டிப் போனவனுக்கு நியூஸ் சொல்ல வழியே இல்லை. 29-ஆம் தேதி, கடலுக்குப் போகாதீர்கள் என்று எச்சரிக்கை வந்தது உண்மை. ஆனால் இரண்டு மூன்று வாரம் முன்பே போனவனிடம் போகாதே என்று எப்படிச் சொல்வது? புயல் என்கிற வார்த்தை எங்களுக்கு வந்து சேர்ந்தபோது காற்று அதற்கு முன்னாலேயே வந்துவிட்டிருந்தது.

இன்னொரு சிக்கலும் உண்டு. அரசாங்கக் கணக்கில் நாங்கள் தமிழ்நாடு. திருச்சபைக் கணக்கில் திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டம். அப்போது பேராயராக இருந்த சூசபாக்கியம் ஆண்டகையே மார்த்தாண்டன்துறையில் பிறந்தவர். ரேஷன் கார்டு ஒரு மாநிலத்தில், போட்டின் பதிவு இன்னொரு மாநிலத்தில், கோயில் ஒரு பக்கம், கலெக்டர் ஒரு பக்கம். சாதாரண நாட்களில் இதைச் சொல்லிச் சிரிப்போம். அந்த டிசம்பரில் ஒருவரும் சிரிக்கவில்லை.

மின்சாரம் போய்விட்டது. செல்போன் கோபுரங்களும் ஒன்றொன்றாகச் செத்தன. ஊரில் ஓடிய ஒரே ஜெனரேட்டர் கோயிலுடையது, திருவிழாவுக்கு விளக்குப் போட வாங்கியது. பங்குத்தந்தை அதைக் கோயில் வராந்தாவுக்கு இழுத்து வந்து, கிடைத்த எக்ஸ்டென்ஷன் பலகைகளையெல்லாம் சேர்த்து மாட்டினார். நிவாரணம் என்று கோயில் முதலில் கொடுத்தது அதைத்தான்: சார்ஜ். அரிசி, பருப்பு, போர்வை எல்லாம் பிற்பாடு வந்தவை. பெண்கள் கையில் போனோடு வரிசையில் நின்றார்கள். உயிர் வந்த ஒவ்வொரு போனும் அலற ஆரம்பிக்கும், கூடவே வராந்தாவும் அலறும். "கிடைச்சிட்டான், கிடைச்சிட்டான், லட்சத்தீவுல கல்பேனியில கரையேறிட்டானாம்!" என்று ஒருத்தி கத்துவாள். அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டே அடுத்தவள் தன் போனைக் காதில் வைத்து, மணி அடிக்காத எண்ணைத் திரும்பத் திரும்ப அழுத்துவாள்.

வராந்தாவில் இப்படிக் காற்றோடு போய்க்கொண்டிருந்த செய்திகளை யாராவது எழுதிவைக்க வேண்டும் என்று பங்குத்தந்தைக்குத்தான் முதலில் தோன்றியது. மூத்தவர்களுக்கு அவர் அச்சன், எங்களுக்கு ஃபாதர். வயதில் என் மகனைவிடச் சின்னவர். நான் அப்போதுதான் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றிருந்தேன். "டீச்சர், உங்க கையெழுத்து எல்லாருக்கும் புரியும்" என்று சொல்லி ஒரு நீளமான கணக்கு நோட்டை என் மடியில் வைத்தார்.

முதலில் மூன்றே கட்டம் போட்டேன். பெயர், போட்டு, புறப்பட்ட இடம்.

பெயரிலேயே தகராறு ஆரம்பித்தது. எங்கள் கரையில் ஆன்றணியும் ஜோசப்பும் ஜேசுதாசனும் தெருவுக்குப் பத்துப் பேர். ஞானஸ்நானத்தில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர், ஆதாரில் இன்னொரு பெயர், கடலில் கூப்பிடும் பட்டப்பெயர் வேறு. ஒரே ஆளை மனைவி ஒரு பெயரில் சொல்வாள், போட்டு முதலாளி இன்னொரு பெயரில் சொல்வார். இரண்டு பேர் காணவில்லை என்று எழுதிவைத்தால் உண்மையில் ஒருவனாக இருப்பான். மறுபடியும் ஒருவன் என்று அடித்தால், இல்லை, அண்ணனும் தம்பியும் ஒரே போட்டில் போயிருக்கிறார்கள். இதைத் தீர்த்துவைத்தது கோயில் பீரோவில் இருந்த புத்தகங்கள்தான். எங்கள் பங்கில் ஒவ்வொரு வீட்டுக்கும் குடும்பப் பதிவேடு உண்டு. அப்பன் பெயர், தாத்தா பெயர், ஞானஸ்நானத் தேதி, கல்யாணத் தேதி எல்லாம் இருக்கும். கோயிலுக்குப் போட்டுகள் கொடுக்கிற பங்கை எழுதும் கணக்குப் புத்தகம் வேறு. எந்தப் போட்டு யாருடையது, கடைசியாக எப்போது கரைக்கு வந்தது என்று அதைப் பார்த்துச் சொல்லலாம். கோயில் நம்மிடம் காசு பிடிக்கிறது என்று அந்தக் கணக்குக்காகச் சண்டை போட்டவர்களை நான் சிறுவயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அந்த வாரம் அதே ஆட்கள், அதில் தங்கள் போட்டின் பெயர் சரியாக எழுதியிருக்கிறதா என்று வந்து எட்டிப்பார்த்தார்கள்.

அன்பியத் தலைவிகள் தெருத் தெருவாகப் போனார்கள். அன்பியம் என்பது இருபது முப்பது வீடுகள் சேர்ந்த சின்ன ஜெபக்கூட்டம். மாதம் ஒருமுறை ஒரு வீட்டில் கூடி ஜெபமாலை சொல்லி, கடலைமிட்டாயோ சுண்டலோ தின்று கலைகிற கூட்டம். அந்தத் தலைவிகளுக்கு எந்த வீட்டில் எத்தனை ஆண்கள், எவன் யாரோடு சண்டை, எவன் எந்தப் போட்டில் என்று கேட்காமலே தெரியும். தாலுகா ஆபீஸிலிருந்து ஆள் வந்து "மொத்தம் எவ்வளவு பேர்?" என்று கேட்பதற்குள் எங்களிடம் வீடுவாரியாகப் பெயர் இருந்தது. பக்கத்து ஊர்களிலும் இதையே செய்தார்கள். சாமியார்கள் போனில் பேசி, நோட்டுகளை ஒன்றோடு ஒன்று ஒத்துப் பார்த்தார்கள்.

அரசாங்கக் கணக்கு எங்கள் கணக்கைவிடக் குறைவாக இருந்தது. பொய் சொன்னார்கள் என்று சொல்ல மாட்டேன். அவர்கள் எண்ணுகிற முறை எங்கள் வாழ்க்கைக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான். கொச்சியில் ஏறியவன் தமிழ்நாட்டுத் துறைமுகக் கணக்கில் வர மாட்டான். கேரளத்தில் அவன் தமிழன். டிசம்பர் 2-ஆம் தேதி வாக்கில் மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் கரையில் 68 போட்டுகளும் 952 ஆட்களும் பத்திரமாக ஒதுங்கியிருக்கிறார்கள் என்று அந்த மாநில முதலமைச்சர் அறிவித்தார். 66 கேரளப் போட்டு, 2 தமிழ்நாட்டுப் போட்டு. டி.வி.யில் அதைக் கேட்டவர்கள், தமிழ்நாட்டுக்காரர்கள் கொஞ்சம் பேர்தான் தப்பித்தார்கள் என்று நினைத்திருப்பார்கள். அந்தக் கேரளப் போட்டுகளில்தானே எங்கள் பிள்ளைகளைத் தேட வேண்டும்! அன்று ராத்திரி வராந்தாவில் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, யார் பெயருக்கு நேரே கோடு போடலாம் என்று தேடினோம். ஒரு பெயரை அடிக்கும்போது பேனாவே துள்ளியது. ஒவ்வொரு கோட்டுக்கும் மிச்சமிருந்த பெயர்கள் இன்னும் தெளிவாகத் தெரிந்தன. அதுதான் கஷ்டம்.

டிசம்பர் 3 ஞாயிற்றுக்கிழமை. திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. எங்கள் கரைக்கு ஞானஸ்நானம் கொண்டுவந்த புனித சவேரியாரின் திருநாளும் அன்றுதான். பாதுகாப்பு அமைச்சர் மாவட்டத்துக்கு வந்திருந்தார். கப்பல் தேடுகிறது, விமானம் தேடுகிறது என்ற செய்திகள் காற்றில் இருந்தன. கோயில் நிரம்பி வெளியே மணலிலும் ஆட்கள். மன்றாட்டு வேளையில் ஃபாதர் நோட்டை வாங்கி, அடிக்கப்படாத பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். எந்தத் தலைப்பில் வாசிப்பது என்று முந்தின இரவு பங்குப் பேரவையில் வாக்குவாதம் நடந்திருந்தது. பேரவையில் மூத்த ஒருவர், ஆன்ம இளைப்பாற்றிக்காக என்று சொல்லிவிடலாமே, மூணு நாளாகிவிட்டதே என்றார். ஃபாதர் ஒத்துக்கொள்ளவில்லை. "கடலில் இருக்கும் நம் சகோதரர்களுக்காக" என்று மட்டும் சொன்னார். செத்தவர்கள் என்று சொல்லவில்லை, உயிரோடு இருப்பவர்கள் என்றும் சொல்லவில்லை. அந்த ஒரே தலைப்பில்தான் பல மாதம் ஞாயிறு தவறாமல் பெயர்கள் வாசிக்கப்பட்டன. பூசையில் அவர் வைத்த எத்தனையோ பிரசங்கங்களை மறந்துவிட்டேன். இது மறக்கவில்லை.

7-ஆம் தேதி எட்டு ஊரும் நடந்தது. பெண்கள், பிள்ளைகள், கன்னியர்கள், சாமியார்கள் எல்லாரும் சேர்ந்து குழித்துறை ரயில் நிலையம் வரை நடந்து போய்த் தண்டவாளத்தில் உட்கார்ந்தோம். தேடுதலை நிறுத்தாதே, ஆழ்கடல் வரை தேடு, எங்கள் ஆட்களையும் கூட்டிக்கொண்டு போய்த் தேடு. இவைதான் கோரிக்கை. ரயில்கள் நின்றன. இருட்டியும் யாரும் எழுந்திருக்கவில்லை. கோயில் அரசியல் செய்கிறது என்று பின்னால் சிலர் எழுதினார்கள். இருக்கட்டும். தண்டவாளத்தில் உட்கார்ந்த பிறகுதான் எங்கள் ஊர்களின் பெயர் சென்னையிலும் டெல்லியிலும் சரியாக உச்சரிக்கப்பட்டது. 12-ஆம் தேதி முதலமைச்சர் வந்தார், 19-ஆம் தேதி பிரதமர் வந்தார்.

நிவாரணப் பொருட்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வந்தது, பகிர்ந்தோம், போதுமானதாக இருந்தது. மலையடிவாரப் பங்குகள், தங்கள் தோட்டமே விழுந்து கிடக்கும்போது, மரச்சீனிக்கிழங்கும் தேங்காயும் மூட்டை கட்டி அனுப்பின. அதைச் சொல்லாவிட்டால் பாவம். சி.எஸ்.ஐ. சபைக்காரர்கள் வந்தார்கள், பக்கத்துப் பள்ளிவாசலிலிருந்து சோற்றுப் பொட்டலம் வந்தது. ஒரு விண்ணப்பம் மட்டும்: பேரிடர் நடந்த இடத்துக்குப் பழைய துணி அனுப்பாதீர்கள். சுனாமிக்கும் அனுப்பினார்கள், ஒக்கிக்கும் அனுப்பினார்கள். கிழிந்த சுடிதாரும் கம்பளிக் கோட்டும் மலைபோல் குவிந்தன. அதைப் பிரித்து அடுக்கவே இளைஞர் இயக்கத்துப் பையன்களுக்கு ஒரு முழு நாள் போயிற்று. அந்தக் கைகளுக்கு அப்போது வேறு வேலை இருந்தது.

என்ன வேலை என்றால், பிணவறைக்குப் போவது. கேரளக் கடலோரத்தில் உடல்கள் கரை ஒதுங்க ஆரம்பித்திருந்தன. பல நாள் தண்ணீரில் கிடந்தவை. முகம் பார்த்துச் சொல்ல முடியாது. ஜீப் எடுத்துக்கொண்டு பையன்கள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போனார்கள். போவதற்கு முன் என்னிடம் வந்து நோட்டில் புதுக் கட்டம் போடச் சொன்னார்கள்: அடையாளம். பச்சை குத்தியது எங்கே, இடுப்பில் அரைஞாண் உண்டா, கழுத்தில் உத்தரியமா ஜெபமாலையா, கடைசியாக என்ன நிறத்தில் கால்சட்டை. மனைவிகளிடமும் அம்மாக்களிடமும் இதைக் கேட்டு எழுதுவது என் வேலையாயிற்று. கேட்ட உடனேயே எதற்காகக் கேட்கிறேன் என்று தெரிந்துவிடும். ஒரு அம்மா, என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், என் கையைப் பிடித்துக்கொண்டார். "எழுதாதே மக்களே. எம் புள்ளை நீந்துவான். எழுதாதே." எழுதாமல் எழுந்து வந்தேன். அன்று ராத்திரி அவரே பேரனை அனுப்பினார். வலது தோளில் வேளாங்கண்ணி மாதா, கீழே இரண்டு எழுத்து என்று பேரன் சொன்னான்.

கடைசியில் பெரும்பாலும் மரபணுச் சோதனைதான் முடிவு சொன்னது. அம்மாக்களும் பிள்ளைகளும் இரத்தம் கொடுத்தார்கள். ஒரு உடல் இன்னார் என்று தெரிந்து ஊருக்கு வந்தால் கோயில் மணி அடிக்கும். மற்ற வீடுகளில் அழுகையோடு ஒரு பொறாமையும் இருந்ததை நான் பார்த்தேன். அடக்கம் செய்ய ஒன்று கிடைத்ததே என்கிற பொறாமை. இதை வெளியே சொல்லக் கூச்சப்படுகிறோம். கூச்சப்பட ஒன்றுமில்லை.

உடல் கிடைக்காத வீடுகள்தான் அதிகம். அங்கே சட்டம் வந்து நின்றது. அப்போது அமலில் இருந்த இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 108-ஆம் பிரிவின்படி ஏழு வருடம் ஒருவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லாவிட்டால்தான் அவர் இறந்ததாக எடுத்துக்கொள்ள முடிந்தது. ஏழு வருடம் வரை இழப்பீடு இல்லை, வாரிசுச் சான்றிதழ் இல்லை, பேங்கில் அவன் பெயரில் இருக்கிற பணத்தைத் தொட முடியாது, போட்டுக்கு வாங்கிய கடன் மட்டும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். சாமியார்களும் மீனவர் சங்கங்களும் திரும்பத் திரும்ப மனுக் கொடுத்தார்கள். ஒக்கியில் காணாமல் போனவர்களுக்கு இந்தக் காலவரையறையைத் தளர்த்தி, விசாரித்து முடிவு செய்ய அரசு ஒத்துக்கொண்டது. மீனவர் குடும்பத்துக்கு 20 லட்சம் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. விசாரணையில் கேட்ட முதல் கேள்வி, இந்த ஆள் அந்தப் போட்டில் இருந்தான் என்பதற்கு என்ன ஆதாரம்? துறைமுகத்தில் ஏறியவர்களின் பட்டியல் எங்கேயும் இல்லை. பங்குத்தந்தையின் முத்திரையோடு கோயில் நோட்டின் நகல் போயிற்று. அதை வைத்துத்தான் எங்கள் ஊர் மனுக்கள் நகர்ந்தன.

ஆனால் மனுவில் மனைவி கையெழுத்துப் போட வேண்டும். என் கணவர் இறந்துவிட்டார் என்று நம்புகிறேன் என்கிற பொருளில் ஒரு வாக்கியம் அதில் இருக்கும். கோயில் ஆபீஸில் மேசை போட்டு, மறைமாவட்டத்திலிருந்து வந்த வக்கீல் ஒருவரும் ஒரு சிஸ்டரும் நானும் அமர்ந்திருந்தோம். பெண்கள் வந்தார்கள், வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள், எழுந்து போனார்கள். பணம் வேண்டாம் என்று இல்லை. வீட்டில் பாலுக்குக் காசில்லாதவர்கள். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி கைக்குழந்தையோடு வந்தாள். பேனாவைக் கையில் எடுத்தவள் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "டீச்சர், இதுல நான் கையெழுத்துப் போட்டா, அவரைச் சாகடிச்சது நான்னு ஆயிடாதா?"

எனக்குப் பதில் வரவில்லை. வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உள்ளே இருந்த ஃபாதர் எழுந்து வந்து எதுவும் பேசாமல் பீரோவைத் திறந்தார். குடும்பப் பதிவேட்டில் அவளுடைய பக்கத்தை எடுத்து அவள் முன்னால் விரித்தார். "இதோ பாரும்மா, உன் வீட்டுக்காரர். பிறந்தது இருக்கு, கல்யாணம் இருக்கு. இந்தக் கடைசிக் கட்டத்துல நான் ஒண்ணும் எழுதல. நீ வந்து எழுதச் சொல்ற அன்னைக்குத்தான் எழுதுவேன். சொல்லலைன்னா எழுதவே மாட்டேன். நீ இப்ப கையெழுத்துப் போடறது சர்க்கார் பேப்பர். பிள்ளைக்காகப் போடு." அவள் அந்தக் காலிக் கட்டத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள். செய்தி தெருவில் பரவி, எழுந்து போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். எல்லாருமே அந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்றார்கள். எல்லாருக்கும் எடுத்துக் காட்டினார்.

இனி, கோயில் நோட்டில் இல்லாதவர்களைப் பற்றி.

எங்கள் போட்டுகளில் எங்கள் ஆட்கள் மட்டும் போவதில்லை. அஸ்ஸாம், ஒடிசா, மேற்கு வங்கம், ஜார்க்கண்ட் என்று எங்கெங்கிருந்தோ வந்த பையன்கள் வலை இழுக்கிறார்கள், சோறு பொங்குகிறார்கள். எந்த மாநிலமாக இருந்தாலும் எங்கள் ஊர் வாயில் எல்லாரும் "பெங்காலி". குடும்பப் பதிவேட்டை வைத்து எண்ணினால் அவர்கள் வர மாட்டார்கள். இங்கே அவர்களுக்கு வீடில்லை, அன்பியமில்லை, வராந்தாவில் வந்து அழ ஒரு அம்மாவும் இல்லை. இதை முதலில் சொன்னது பஸ் ஸ்டாப்பில் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிற பையன். "டீச்சர், உங்க நோட்டுல இல்லாத நாலு பேரு என் நோட்டுல இருக்கானுவ" என்று வந்து நின்றான். கடலுக்குப் போகும் முன் அவர்கள் ஊரிலிருக்கிற அம்மாவின் போனுக்கும் மனைவியின் போனுக்கும் இவனிடம்தான் காசு போட்டுவிட்டுப் போவார்களாம். கடனுக்கும் போடுவானாம். அந்தக் கடன் நோட்டில் நான்கு எண்களும் இருந்தன. பெயர் என்று பார்த்தால் பாபு, சோட்டு, இன்னொரு பாபு, அப்புறம் வெறும் "நெட்டையன்".

கன்னியர் மடத்தில் ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு சிஸ்டர் இருந்தார். தமிழை மலையாளம் போலப் பேசுவார், இந்தி அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவரை உட்காரவைத்து அந்த எண்களுக்குப் போன் போட்டோம். ஒரு எண்ணில் யாரும் எடுக்கவில்லை. ஒன்றில், மகன் குஜராத்தில் கரையேறி நேற்றே பேசிவிட்டான் என்று ஒரு தகப்பன் சொன்னார். சிஸ்டர் அதைத் தமிழில் சொல்லும்போதே அழுதுவிட்டார். மூன்றாவது எண் ஒடிசாவில் ஒரு கிராமம். எடுத்தவள் மனைவி. புயல் என்று ஒன்று வந்ததே அவளுக்குத் தெரியாது. நான்காவது, அஸ்ஸாம். அண்ணன் எடுத்தார். சில வாரம் கழித்து அவர் ரயிலேறித் தம்பியின் பள்ளிக்கூடப் போட்டோவோடு வந்து இறங்கினார். முஸ்லிம் குடும்பம். கோயில் மண்டபத்தில் தங்கவைத்தோம். காலையில் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போய்வந்து, எங்கள் பையன்களோடு ஜீப்பில் ஏறிப் பிணவறைகளுக்குப் போனார், இரத்தம் கொடுத்தார். எதுவும் பொருந்தவில்லை. அவருக்கு ஆதாரமாகக் கொடுக்க எங்களிடம் இருந்தது ரீசார்ஜ் கடை நோட்டின் நகலும், அதன்மேல் பங்குத்தந்தை எழுதிய ஒரு கடிதமும்தான். போட்டு முதலாளி ஒருவழியாகக் கையெழுத்துப் போட்டார், உடனே போடவில்லை. அந்த மனு எந்த மாநிலத்தில் கொடுக்க வேண்டியது என்பதிலேயே மாதங்கள் போயின. எங்கள் பெண்களின் மனுக்கள் 2018-இல் முடிந்தபோது அது இன்னும் ஏதோ ஒரு மேசையில் இருந்தது.

பணம் வந்த பிறகு வந்த தொல்லைகளையும் மறைக்க வேண்டியதில்லை. மாமியாருக்கு எவ்வளவு, மருமகளுக்கு எவ்வளவு என்று வீட்டுக்கு வீடு பஞ்சாயத்து. நேற்றுவரை ஒரே பாயில் படுத்து அழுதவர்கள் கோயில் ஆபீஸில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பிள்ளைகளின் பெயரில் ஒரு பங்கை வைப்புநிதியாகப் போட்டுவிட வேண்டும் என்று பேரவை பிடிவாதமாக நின்றது. அது நல்ல முடிவு. ஆனால் அதைத் தீர்மானித்த பேரவையில் அன்றைக்கு ஒரே ஒரு விதவையும் இல்லை. சிஸ்டர்கள் சண்டை போட்டுத்தான் பிற்பாடு இருவரைச் சேர்த்தார்கள். சனிக்கிழமை சாயங்காலங்களில் இந்தப் பெண்கள் மடத்தில் கூடுவது அப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் ஆறுதல் சொல்ல வெளியூரிலிருந்து நிபுணர்கள் வந்தார்கள். அவர்கள் போன பிறகுதான் பெண்கள் உண்மையில் பேசத் தொடங்கினார்கள் என்பது என் அபிப்பிராயம். தையல் மெஷின் திட்டம் ஒன்று வந்து படுத்துவிட்டது. மீன் வாங்கி விற்கக் கொடுத்த சிறுகடன் நன்றாக ஓடியது. பிள்ளைகளின் படிப்புச் செலவை ஏற்றுக்கொள்ள ஆட்களைத் தேடிப் பிடித்ததுதான் கோயில் செய்ததிலேயே நீண்ட நாள் நின்ற காரியம். கையெழுத்துப் போடத் தயங்கிய அந்தப் பெண்ணின் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. பதிவேட்டில் அந்தக் கட்டத்தை நிரப்பச் சொல்லி அவள் இன்னும் வரவில்லை. அவளைப் போல் வராதவர்கள் இன்னும் சிலர் உண்டு.

ஒக்கிக்குப் பிறகு மாற்றங்கள் வரத்தான் செய்தன. சாட்டிலைட் போன் வந்தது, இஸ்ரோவின் நாவிக் கருவி வந்தது, புயல் எச்சரிக்கை முன்பைவிடச் சீக்கிரம் வருகிறது. எச்சரிக்கை போட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் போதும், ஆட்கள் தப்பித்துவிடுவார்கள் என்றுதான் நானும் நம்ப ஆசைப்படுகிறேன். ஆனால் இந்தக் கருவிகள் போட்டு எங்கே இருக்கிறது என்றுதான் சொல்லும். அதற்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்லாது.

ஆகவே கரையோரப் பங்குப் பேரவைகளுக்கும், கோயிலோ பள்ளிவாசலோ ஊர்க்கமிட்டியோ எதுவாக இருந்தாலும் கணக்கு எழுதும் பழக்கம் உள்ளவர்களுக்கும் நான் கேட்பது இதுதான். போட்டு புறப்படும் அன்றைக்கு ஏறுகிறவர்கள் அத்தனை பேரின் பெயரையும், ஆதாரில் உள்ளபடியும் கூப்பிடுகிறபடியும், எழுதி வையுங்கள். வீட்டிலுள்ள ஒருவரின் போன் நம்பரையும் எழுதுங்கள். வடக்கேயிருந்து வந்த பையன்களின் பெயரை முதலில் எழுதுங்கள். முதலாளியிடம் கையெழுத்து வாங்குங்கள். இதற்கு ஒரு நோட்டும் ஒரு பேனாவும் போதும். அடுத்த நவம்பருக்கு முன் ஆரம்பித்துவிடுங்கள்.